குடவோலையும் பெண்டிர் பாத்தியதையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஏரி, தோட்டம் முதலியவற்றைப் பராமரித்த வாரியங்களுக்கு அங்கத்தினரைத் தெரிந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விதி கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஏற்றதே.

ஆயினும், ஓலையில் பெயர் ஏறுவதற்கு வேண்டிய யோக்கியதைகளையும் கவனித்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி ஆகியவை அவை. அது பிரமதேய ஊரின் சபை. வேதப் பயிற்சியோ ஒரு வகுப்பின் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. ஆதலின், அவ்வூர் வயல்களில் நாற்று நட்ட பெண்டிரின் பெயர் குடத்தில் விழ வழியில்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1921-ல், சென்னை மாகாணச் சட்டசபை ஸ்திரீகளுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களுள் முதலாவது இதுவே. சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபையின் உபதலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். எனினும், சொத்தும் வரியும் உடையோரே வாக்காளராகலாம் என்ற விதி நீங்கவில்லை. நிலம் ஆடவர் பெயரிலேயே இருந்தமையால், திறந்த கதவின் உள்ளே புக வல்ல பெண்டிர் மிகச் சிலரே. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டமே வயது வந்தோர் யாவர்க்கும் வாக்களித்தது.

நிலத்தின் பாத்தியதை அதனினும் மெதுவாக வந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுட்கால அனுபவத்தை மட்டும் தந்தது. 1956-ல் அது முழு உடைமையாயிற்று. 1989-ல் தமிழ்நாட்டில், அதுவரை மணமாகாத குமாரத்திகளுக்குப் பிதிரார்ஜிதத்தில் குமாரர்க்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005-ல் அவ்வுரிமை நாடெங்கும் மணமானவர்க்கும் விரிந்தது. ஊராட்சி ஸ்தானங்களில் பெண்டிர்க்கு 1993-ல் மூன்றிலொன்றும், தமிழ்நாட்டில் 2016-ல் சரிபாதியும் ஒதுக்கப்பட்டன.

இவற்றால் விளங்குவது யாதெனில், வாக்கும் நிலமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே. பயிர்க்கடன் கோருவோர் நிலத்தின் பத்திரங்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. களையெடுத்து அறுவடை செய்பவள் பெயரில் பட்டா இல்லையேல், கடனுக்குப் பிறர் கையெழுத்தையே அவள் எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே, வாரிசுப் பட்டியலில் குமாரத்திகளை விடாது சேர்த்தல், பாகம் பிரிந்தவுடன் அவர்கள் பெயரில் பட்டா மாற்றுதல், அவர்களைச் சங்கத்தில் அங்கத்தினராக்குதல், நிர்வாகக் கூட்டத்தில் மனைவியின் ஸ்தானத்தில் கணவன் அமராதிருத்தல் ஆகிய நான்கும் சங்கத்தார் கடமை. சட்டம் அளித்த பங்கு ஏட்டில் ஏறினாலன்றிப் பயன் தராது.