யாருடைய சூடு: லினக்ஸ் கர்னலில் வெப்பநிலை உணரியின் இடம்

வன்பொருளுக்கும் பயனரின் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் லினக்ஸ் கர்னலுக்குள், குறிப்பிட்ட ஒரு சில்லோடு பேசத் தெரிந்த சிறு நிரல் டிரைவர் எனப்படும். ஒத்த டிரைவர்கள் ஒரே நடைமுறையில் இயங்குவதற்கான பொதுச் சட்டகம் துணையமைப்பு எனப்படும். வெப்பநிலை உணரிக்கு ஹெச்டபிள்யூமான், ஐஐஓ, தெர்மல் என மூன்று துணையமைப்புகள் காத்திருக்கின்றன. மூன்றிலும் அளவு மில்லி டிகிரி செல்சியசில்தான் என்பதால் எதில் எழுதினாலும் ஒன்றே எனத் தோன்றலாம். ஆயினும் யாருடைய சூடு, எதற்காக அளக்கப்படுகிறது என்பதே டிரைவரின் இடத்தை முடிவுசெய்கிறது.

கணினிப் பலகையின் உடல்நிலையைக் கண்காணிப்பது ஹெச்டபிள்யூமானின் வேலை. அதில் நெடுங்காலமாக இருக்கும் எல்எம்75 சில்லு, மின்சாரம் வந்தவுடன் 80 டிகிரியை மேல்வரம்பாகவும் 75 டிகிரியைத் தணிவு வரம்பாகவும் தானே வைத்துக்கொண்டு, முதலாவதைத் தாண்டினால் எச்சரிக்கை முனையை இயக்கி, இரண்டாவதற்குக் கீழே இறங்கிய பிறகே அதை விடுவிக்கிறது. இவ்விரு வரம்புகளுக்கும் ஹெச்டபிள்யூமானில் ஆயத்தமாகவே தனித்தனிக் கோப்புகள் உண்டு. சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

அளவீடே நோக்கமானால் ஐஐஓ பொருந்தும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி, முடுக்கமானி, அழுத்தமானி போன்றவற்றுக்கான இத்துணையமைப்பு, சில்லின் மூல எண்ணையும் அதைப் பெருக்க வேண்டிய அளவுகோலையும் தனித்தனியே தருவதோடு, சீரான இடைவெளியில் மாதிரிகளை எடுத்துச் சேமிக்கவும் வழிசெய்கிறது. டிஎம்பி117 சில்லின் ஒரு படி 7.8125 மில்லி டிகிரி. மூல எண் 4720 எனில் வெப்பநிலை 36.875 டிகிரி. முழு மில்லி டிகிரிகளில் மட்டும் பேசும் ஹெச்டபிள்யூமானில் 7.8125 என்ற படியின் பின்னம் தங்காது. அதே நிறுவனத்தின் டிஎம்பி102 சில்லுக்கோ ஹெச்டபிள்யூமானே வீடு.

தெர்மல் அளப்பதோடு நிற்பதில்லை: வரம்புப் புள்ளிகளைத் தொட்டதும் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும், விசிறியைச் சுழற்றும், உச்ச வரம்பில் கணினியையே அணைக்கும். பிராசசருக்குள் பதிந்த உணரிகள் பெரும்பாலும் இங்கே சேர்கின்றன.

தேர்வு பிசகினாலும் வழி அடைபடுவதில்லை. ஐஐஓ உணரியை ஹெச்டபிள்யூமானாகக் காட்டும் பாலம் ஒன்று கர்னலிலேயே இருக்கிறது. ஹெச்டபிள்யூமான் டிரைவர் பதிவின்போது ஒரு கொடியை (ஃபிளாக்) வைத்தால் தெர்மலிலும் பதிவாகலாம். மூன்றையும் விட்டுத் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கும் டிரைவரைத்தான் உணரிகளின் அளவுகளைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையோ வேறெந்தப் பொது நிரலோ தேடி வருவதில்லை.