ஓர் அடிக்கோடும் ஒரு முகவரியும்

மென்பொருள் ஆவணங்களுக்கான நிலைத்தளத்தில் கோப்புறைகளை எப்படி அடுக்கினால் என்ன, தேடுபெட்டிதான் இருக்கிறதே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2013இல் வெளிவந்த ஹியூகோ என்ற நிலைத்தள உருவாக்கியில் அந்த எண்ணம் செல்லாது. அதில் ‘கன்டென்ட்’ கோப்புறைக்குள் நாம் வைக்கும் அடுக்கே, வேறு ஏற்பாடு செய்யாதவரை, தளத்தின் முகவரியாகிவிடும். ‘டாக்ஸ்’ கோப்புறையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு கோப்பு வைத்தால், வாசகரின் உலாவியிலும் அதே வரிசைதான் தெரியும். கோப்புறைக்குப் பெயர் வைப்பது ஊருக்கெல்லாம் விலாசம் கொடுப்பதற்குச் சமம்.

இதில் மிகவும் சுவையான இடம் ஓர் அடிக்கோடு. கோப்புறையில் ‘_இண்டெக்ஸ்.எம்டி’ என்ற மார்க்டவுன் கோப்பு இருந்தால் ஹியூகோ அதைக் கிளையாகக் கொள்ளும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு எம்டி கோப்பும் தனிப் பக்கமாகும். அடிக்கோட்டை விட்டு ‘இண்டெக்ஸ்.எம்டி’ என்று எழுதினால் அது இலை. அப்போது கோப்புறை முழுவதும் ஒரே பக்கம். கூட இருக்கும் படங்களும் பிற எம்டி கோப்புகளும் அந்தப் பக்கத்தின் உடைமைகள். இருபது கட்டுரைகள் இருந்த பிரிவு ஒரே பக்கமாகச் சுருங்கிவிடும், பிழைச்செய்திகூட வராது. இது கோளாறு அல்ல. ஒரு கட்டுரையையும் அதன் படங்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள இலை அருமையான வசதி. எது கிளை, எது இலை என்று முதலிலேயே யோசித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

பிரிவுகளையும் பெயர்களையும் எப்படி யோசிப்பது? குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் ஆவணத்தளம் ஹியூகோவில்தான் இயங்குகிறது. அதன் முக்கியப் பிரிவுகள் கருத்துகள், பணிகள், பயிற்சிகள், உசாத்துணை. வாசகர் என்ன தேவையோடு வருகிறார் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பல நிறுவனங்களோ தங்கள் குழுக்களின் பெயரையே கோப்புறைகளுக்கு வைக்கின்றன. குழு கலைந்ததும் பெயர் பொருளிழக்கிறது. வரிசைக்காக ‘01’, ‘02’ என்று கோப்புப்பெயரில் எண் போடுவதும் அப்படித்தான். அந்த எண் முகவரியிலும் ஏறிவிடும்; வரிசை மாறினால் முகவரியும் மாறும். வரிசையைக் கோப்பின் தலைப்பகுதியில் ‘வெயிட்’ என்று குறித்தால் போதும்.

‘அலியாஸ்’ கொடுத்தால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடுமே என்று கேட்கலாம். திருப்பும், வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது விலாசம் எழுதிக்கொடுப்பதுபோல. ஆனால் இடம் மாறும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் மறக்காமல் அதை எழுத வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே வலியுறுத்தினார். நம் பக்கத்தை நம்பி இணைப்புக் கொடுத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் கோப்புறைக்குப் பெயரிட வேண்டும்.