ஞானமும் இன்பமும் அமைதி தருமா? கிறிஸ்தவ இலக்கியம் கூறும் விடை

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் அறத்துப்பாலுக்கு உரியவை 38. எஞ்சிய 95 அதிகாரங்களும் பொருளையும் இன்பத்தையும் பேசுபவை. உலகியல் அறிவையும் இன்பத்தையும் இழித்துரைப்பது நமது மரபின் முதற்குணம் அன்று என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அரசுக்கு அமைச்சும், குடிக்கு உழவும், காதலுக்கு ஊடலும் வேண்டும் என்று வகுத்துச் சொன்ன நூலைக் கற்று வளர்ந்த நாம், கிறிஸ்தவ வேதாகமத்தில் பிரசங்கி என்னும் சிறு நூலைத் திறந்ததும் சற்றுத் திகைக்கிறோம். பன்னிரண்டே அதிகாரங்கள் கொண்ட அந்நூல், ஞானம், இன்பம் ஆகிய இரண்டையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, இரண்டும் தேறவில்லை என்கிறது.

நான் சைவன். கிறிஸ்தவ இலக்கியத்தைத் தமிழாசிரியன் என்ற முறையிலேயே அணுகுகின்றேன். ஆயினும் இலக்கியம் எழுப்பும் வினாவுக்குச் சமய வேலி கிடையாது அல்லவா?

பிரசங்கியில் பேசுபவன் தன்னைத் தாவீதின் மகன் என்றும் எருசலேமின் அரசன் என்றும் அறிமுகம் செய்கிறான். சாலொமோன் என்ற பெயர் நூலில் எங்கும் இல்லை. நூல் அவ்வரசனின் காலத்துக்கு மிகப் பிந்தியது என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. இந்த அரசன் முதலில் அறிவைத் தேடுகிறான். அறிவு பெருகப் பெருகத் துயரமும் பெருகக் காண்கிறான். பிறகு இன்பத்தைச் சோதிக்கிறான். மாளிகைகள், திராட்சைத் தோட்டங்கள், குளங்கள், பணியாட்கள், ஆட்டு மாட்டு மந்தைகள், வெள்ளி, பொன், பாடகர் என்று ஒன்றும் குறைவில்லை. கண் விரும்பிய எதையும் அவன் தனக்கு மறுக்கவில்லை. முடிவில் திரும்பிப் பார்க்கும்போது கையில் நிற்பது ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமின்மையைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் சொல் ‘ஹெபெல்’ என்பது. மூச்சு, ஆவி என்பன அதன் நேர்ப்பொருள். நூலில் 30 தடவைக்கு மேல் அது வருகிறது. அண்ணன் காயீனால் கொல்லப்பட்டு, வாழத் தொடங்குமுன் மறைந்துபோன ஆபேலின் பெயரும் இதே சொல்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல்லை ‘மாயை’ என்று பெயர்த்தார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘வீண்’ என்று பெயர்த்தது. இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மாயை என்றதும் நம்மவர் பலருக்கு வேதாந்தம் நினைவுக்கு வரும். கயிற்றில் தோன்றிய பாம்பு, இல்லாத ஒன்று என்று கொள்வார்கள். சைவ சித்தாந்திக்கோ மாயை பொய்த்தோற்றம் அன்று. தனு, கரணம், புவனம், போகம் யாவும் தோன்றுவதற்கு மூலமான உள்பொருள் அது. ஆணவ இருளிலே கிடக்கும் உயிருக்குச் சிறிதளவு வெளிச்சமும் தருவது.

பிரசங்கியின் கருத்து இவ்விரண்டிலும் அடங்கவில்லை. நமுனுகுலை மலையில் காலையில் படியும் பனிமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மூட்டம் பொய்யில்லை. முகத்தில் குளிர்கிறது, வழியை மறைக்கிறது. ஆனால் அள்ளிப் பைக்குள் வைக்க முடியாது. ஒன்பது மணி வெயிலுக்கு அது இருந்த இடம் தெரியாது. என்னைக் கேட்டால், ‘மாயை’யிலும் பார்க்க ‘வீண்’ பொருத்தம். இரண்டிலும் பார்க்க ‘மூச்சு’ என்றே விட்டிருக்கலாம்.

நமது ஊவாவிலேயே இதற்கோர் உரை எழுதப்பட்டிருக்கிறது. பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம், மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. திறமை வாய்ந்த நிருவாகி என்று பெயரெடுத்தவர். யானை வேட்டையில் அவருக்கிருந்த மோகமும் அளவற்றது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ஒரு கணத்தில் இறந்தார். யானைகளைக் கொன்ற பாவத்துக்குத் தண்டனை என்று மக்கள் கதை கட்டினர். பிரசங்கி அப்படிச் சொல்லமாட்டான். நல்லவனுக்கும் தீயவனுக்கும் நேர்வது ஒன்றே என்பதுதான் அவனுடைய தீராத ஆதங்கம். ஆற்றலும் இன்பமும் அந்த ஒரு கணத்துக்கு எதிரே என்ன செய்யும் என்பதே அவன் கேள்வி.

இதை உயர்தர வகுப்பில் ஒருமுறை விளக்கியபோது, மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சேர், அந்த ராஜா எல்லாத்தையும் அனுபவிச்சிட்டுத்தானே வீண்னு சொல்றாரு? எங்க அம்மா விடியக்காலையில பால் வெட்டப் போறாங்க. அவங்க இன்னும் ஒன்னுமே அனுபவிக்கலையே, சேர். அவங்களுக்கும் வீண்தானா?”

மிக நியாயமான கேள்வி. உலக இன்பம் அற்பமானது என்று இல்லாதவரிடம் போய்ப் போதிப்பது எளிது. அதைச் செய்யாத சமயமும் இல்லை. ஆனால் பிரசங்கி அந்தப் போதனைக்குத் துணைநிற்கும் நூல் அன்று. ஒடுக்கப்படுவோரின் கண்ணீரையும், அவர்களைத் தேற்றுவார் இல்லாமையையும் கண்டு அது மனம் வெதும்புகிறது. உண்டு குடித்து உழைப்பின் பயனை அனுபவிப்பது கடவுளின் கொடை என்று ஐந்து இடங்களிலாவது சொல்கிறது. அடுத்து வைக்கப்பட்டிருக்கும் நூலோ உன்னதப்பாட்டு. நமது அகத்திணையை நினைவூட்டும் காதற் பாடல்கள். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் வெளிப்படையானது. உடையும் உணவும் இல்லாதவனிடம், வேண்டியதைக் கொடுக்காமல், சமாதானத்தோடு போய் வா என்று வாயால் வாழ்த்துவதில் என்ன பயன் என்று அவர் கேட்கிறார். பசித்தவனுக்கு முதலில் சோறு. அந்த மாணவிக்கு நான் சொன்னதும் இதைத்தான்: வீண் என்ற தீர்ப்பு அரசன் தன் குவியலைப் பார்த்துச் சொன்னது, உன் அம்மாவின் தேவையைப் பார்த்துச் சொன்னதல்ல.

அப்படியானால் தேவை நிறைந்தபின் அமைதி வந்துவிடுமா? இதற்குப் புனித அகுஸ்தினாரின் வாழ்வு விடை சொல்கிறது. கி.பி. 354இல் வட ஆபிரிக்காவில் பிறந்த அவர், மிலான் நகரில் சொல்லணிக்கலை கற்பித்த ஆசிரியர். பேரரசரைப் புகழ்ந்து ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. அதில் பொய்யே மிகுதி என்பது அவருக்கே தெரியும். அந்தக் கவலையோடு தெருவில் செல்லும்போது குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். சம்பள நாளில் தவறணை வாசலில் நாமும் காணும் காட்சிதான். நாலு காசில் இவன் பெற்ற மகிழ்ச்சியை இத்தனை கல்வியாலும் நான் பெறவில்லையே என்று நண்பரிடம் பெருமூச்செறிந்தார். அவனுடையது மெய்யான மகிழ்ச்சி அல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவன் வெறி ஓர் இரவு உறக்கத்தில் தெளிந்துவிடும். புகழ் வெறியோ தம்மோடு உறங்கித் தம்மோடு விழித்தெழும் என்று எழுதுகிறார். 386இல் அவர் மனம் மாறியது. தமது முயற்சியின் வெற்றியாக அன்றி, இறைவனின் அருளாகவே அதைத் தமது அறிக்கை நூலில் சொல்கிறார்.

கிறிஸ்தவ விடையின் கரு இதுவே. அமைதி கூலியன்று, கொடை. உடைந்த பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளியாகிய ஜோன் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய யாத்திரிக நூலில் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு நடக்கிறான். வழியில் உலகஞானி என்னும் பெரிய மனிதன் எதிர்ப்பட்டு, இந்தக் கரடுமுரடான வழி எதற்கு, அருகிலே ஒழுக்கம் என்றோர் ஊர் இருக்கிறது, அங்கே சுமையை இறக்கித்தர ஆள் உண்டு என்று நயமாகச் சொல்கிறான். கேட்டவன் வழிமாறிப் போகிறான். தலைக்கு மேலே மலை சரியும்போல் அச்சுறுத்துகிறது, சுமை முன்னிலும் கனக்கிறது. பின்னர் சிலுவையடியிலேதான் அது தானாகக் கழன்று விழுகிறது. உலகஞானி கெட்டவழி எதையும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல பழக்கம், நல்ல பெயர், நல்ல அயலவர் ஆகியவற்றையே காட்டினான். குற்ற உணர்வாகிய சுமையை மரியாதையான வாழ்க்கை மூடி மறைக்குமே தவிர இறக்காது என்பது பனியனின் துணிபு. இங்கே எனது சமயத்தின் ‘அருள்’ என்ற சொல் எனக்குத் துணைக்கு வருகிறது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் மரணத்தில் அச்சுமை இறங்குகிறது என்பது கிறிஸ்தவத்துக்கே உரியது. அதைப் பொதுமையில் கரைத்துவிடக்கூடாது.

இந்நூலைத் தழுவித் தமிழில் காப்பியம் செய்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஐந்து பருவங்கள், 3,700க்கு மேற்பட்ட செய்யுள்கள். பனியனின் மாயச் சந்தை இங்கே மாயாபுரி ஆகிறது. வீடு, நிலம், பட்டம், பதவி, இன்பம் எல்லாம் விலைக்கு வைக்கும் அச்சந்தையில், அவற்றை வாங்க மறுத்த நிதானி உயிர்விடுகிறான். உலக ஞானத்தை இப்படி விசாரணைக்கு நிறுத்தும் புலவர், தாம் இளமையில் கற்ற கம்பனை விட்டுவிடவில்லை. நாட்டு வருணனை, நகர வருணனை, விருத்தத்தின் நடை யாவும் கம்பனிடம் பெற்ற செல்வம். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரை அழைப்பதும் அதனாலேயே. கல்வியை அவர் சிங்காசனத்திலிருந்து இறக்கினார், வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. மாயாபுரிப் பகுதியின் செய்யுள் நயத்தை அடுத்த உரையில் நோக்குவோம்.