ஐந்தாவது சோதனையில் உடைந்த எண்



இரண்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்துங்கள்: 2, 4, 16, 256, 65,536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்துமே பகா எண்கள்! இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று நம்பினார் பிரான்சைச் சேர்ந்த பெர்மா. தொழிலில் சட்ட வல்லுநர். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. நிரூபணம் மட்டும் கையில் இல்லை.

அடுத்த எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதை 1732-இல் காரணிகளாக உடைத்துக் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர். அப்போது அவருக்கு வயது 25.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, நான்கும் சரிவரவில்லை. ஐந்தாவது 641. மீதியின்றி வகுபட்டது! ஈவு 67 லட்சத்து 417.

அதோடு போகவில்லை. பெர்மாவின் வரிசையில் அந்த முதல் ஐந்தைத் தவிர, ஆறாவதாக ஒரு பகா எண்ணை இன்றுவரை எவரும், கணினியை வைத்தும்கூட, கண்டுபிடிக்கவில்லை.