நிணநீர்ப் புற்றுநோய்: வகைகளும் நிலைகளும்



நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, இரயில்வேயில் பொறியாளராக வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் திருப்புறத்தில் குடியிருப்பவன். என் தம்பிக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தபோது மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம் மலையாளத்தில் கிடைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கோ தமிழில் சொன்னால்தான் மனத்தில் தங்குகிறது.

நிணநீர் என்றால் என்ன?

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைத் திரும்ப இரத்தத்தில் சேர்க்க உடலெங்கும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அந்த நீரே நிணநீர். இது ஒருவழிப் பாதை. இடையிடையே அவரை விதை போன்ற கணுக்கள், ஏறத்தாழ 600, நிலையங்களைப் போல உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் இவை கூட்டமாக இருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இங்கே தங்குகின்றன. அந்த அணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் இந்நோய்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டும்' அல்லவா? அது நோயை எதிர்க்கும் வேலை. வலிக்கும், சில வாரங்களில் வற்றிவிடும். வலியே இல்லாமல், ரப்பர் போன்ற வீக்கம் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் நின்றாலோ வளர்ந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

இரு பெரும் வகைகள்

1832-இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் ஹாட்ஜ்கின் வகையில், நுண்ணோக்கியில் ஒரு தனிவகைப் பெரிய அணு தெரியும். இளைஞர்களுக்கும் வரும். பெரும்பாலும் ஒரு கணுக்கூட்டத்திலிருந்து அடுத்ததற்கு, பாசஞ்சர் வண்டி போல வரிசையாகப் பரவும்.

மற்றவை யாவும் ஹாட்ஜ்கின் அல்லாத வகை. இதுவே அதிகம் காணப்படுவது. இதில் பல உட்பிரிவுகள் உண்டு. சில இடைநிலையங்களை விட்டுத் தாவிச் செல்லும் விரைவு வண்டி போன்றவை. வேகமாக வளர்பவை உடனடிச் சிகிச்சை கேட்கும். ஆனால் பலருக்கு முற்றிலும் குணமாகும். மெதுவாக வளர்பவை மருந்துக்கு அடங்கி, ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம். சிலருக்கு மருந்தே தராமல் கண்காணித்து மட்டும் வருவார்கள். அது அலட்சியம் அன்று, சிகிச்சை முறையே.

நான்கு நிலைகள்

1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுத்த முறை, 2014-இல் லுகானோ திருத்தத்தோடு இன்றும் வழக்கில் உள்ளது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமே எல்லைக் கோடு.

நிலை 1: ஒரே கணுக்கூட்டம்.
நிலை 2: கோட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டங்கள்.
நிலை 3: கோட்டின் இரு பக்கங்களிலும்.
நிலை 4: கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை போன்ற உறுப்புகளிலும் பரவியது.

எண்ணோடு 'பி' என்ற எழுத்து சேர்ந்தால், காரணமற்ற காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவு ஆகியவற்றில் ஒன்றேனும் உண்டு என்று பொருள். இல்லையெனில் 'ஏ'.

என் தம்பியின் சீட்டில் 'மூன்று பி' என்று கண்டதும் வீட்டில் அழுகை. நான்கில் மூன்று போய்விட்டது, இனி ஒன்றுதான் மிச்சம் என்று எண்ணிவிட்டார்கள். அது அப்படியல்ல. மற்றப் புற்றுநோய்கள் பலவற்றைப்போல் இதில் நிலையின் எண் மட்டும் முடிவைச் சொல்லாது. எந்த வகை, எவ்வளவு வேகம், வயது என்ன என்பவையும் சேரவேண்டும். நான்காம் நிலையிலும் குணமடைவோர் பலர். தம்பி சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகளாக வாழைத் தோட்டத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறார்.

கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். ஓரிடத்தில் தம்பிக்குச் சோதனையின்றியே காசநோய் மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் வீணாயின. ஆகவே திசுச் சோதனை கேளுங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது பல வேளைகளில் போதாது. முடிந்தால் கணுவை முழுதாக எடுத்துப் பார்ப்பதே நல்லது. அதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் சோதனை முடிவு மறைந்துபோகலாம்.

மருந்தும் தேவைக்கேற்பக் கதிர்வீச்சும் சிகிச்சை. 1997 முதல் ரிடுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தும் பல வகைகளுக்குத் துணை நிற்கிறது.

நமக்கு அருகில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், அதாவது ஆர்.சி.சி., இருக்கிறது. சென்னையில் உறவினர் உள்ளவர்களுக்கு 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவர் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்கி, முன்பதிவு நிலையத்தில் காட்டுங்கள். கேட்காததால் முழுக் கட்டணம் செலுத்தியவர்களை என் பணிக்காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன்.

கட்டியைத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ வண்டி ஏறினால் திருவனந்தபுரம் தொலைவில் இல்லை.