ஸ்க்ரூடிரைவர் யார் கையில்?

நம்ம தேனிக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில், திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் 10 பேர் செயற்கைக்கோள் வேலையில் பங்கெடுத்தாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் ஆசாதிசாட். எடை சுமார் 8 கிலோ. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், 750 மாணவிகள், 75 சின்னச் சின்னக் கருவிகள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டில் போனது. ஆனால் நிலையான சுற்றுப்பாதையை எட்டவில்லை.

காரணம் என்ன? இரண்டாம் அடுக்கு பிரியும்போது வந்த அதிர்வில் முடுக்கமானிகளின் அளவீடு எல்லை தாண்டியது. கம்ப்யூட்டர், 'சென்சார் பழுது' என்று முடிவெடுத்துவிட்டது. சென்சார் நல்லாத்தான் இருந்தது, லாஜிக்தான் அவசரப்பட்டது! அதைத் திருத்தி, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 வெற்றிகரமாக ஏவப்பட்டது.

வடிவமைப்புப் பாடம் என்பதே இதுதான்: செய், உடையட்டும், ஏன்னு பார், திரும்பச் செய்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். என்எஸ்எஸ் சார்பில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போகிறோம். ஆர்டுயினோவில் எல்இடி மின்னுது, எல்லாரும் கைதட்டுறாங்க, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறோம். அங்கே 'உடைந்தது' எதுவும் இல்லை. அதனால் கற்றதும் குறைவு.

அதற்குப் பதில் அவர்கள் ஊர்ப் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கலாம். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், இஸ்திரி வண்டியில் எரியும் கரியைப் பார்த்துத்தான் சோலார் வண்டியை யோசித்தார். 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாடு வரை போய்ப் பேசினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை இருக்கே! பெட்டியில் அடியில் கிடக்கும் பழம் நசுங்கும். மாணவிகளிடம் அட்டையும் கத்தரியும் கொடுத்து, 2 கிலோ பழத்துக்குப் பெட்டி செய்யச் சொல்லுங்க. இடுப்பு உயரத்திலிருந்து போட்டு, நசுங்கிய பழங்களை எண்ணுங்க. பெட்டியை மாற்றி மறுபடி போடுங்க. எண்ணிக்கை குறைந்ததா? அதுதான் மதிப்பெண். தோட்ட வேலைக்குப் போகும் அம்மா இருக்கிற பிள்ளைக்கு, இதில் நம்மைவிட அதிகமாகவே தெரியும்.

கடைசியா ஒண்ணு. நம்ம லேப்பில் என்ன நடக்குது? பெரும்பாலும் பையன் வயரிங் செய்வான், பொண்ணு ரெக்கார்டு எழுதுவாள். பெண்கள் பள்ளியில் அந்தப் பிரிவினை இல்லை. வயரிங்கும் அவள்தான், ரெக்கார்டும் அவள்தான். உதவி செய்யப் போற நாம, "இங்க குடும்மா, நான் போடுறேன்"னு ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினால் அந்தப் பிரிவினையை நாமே உள்ளே கொண்டுபோன மாதிரி ஆகிடும்.

அடுத்த முறை போகும்போது, கையைப் பின்னால் கட்டிக்கிட்டு நில்லுங்க. ஸ்க்ரூ தப்பா மாட்டினாலும் பரவாயில்லை. கழற்றி மாட்டட்டும்.