உங்களுக்குத் தெரியுமா? ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். அதே அளவு கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். தேனோ சுமார் 1,400 கிராம்!

ஆகவே, 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13.65 கிலோ எண்ணெய். 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர்.

சூடானால் எண்ணெய் விரியும். 21 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம் இருக்கும்; 60 டிகிரியில் அளந்த ஒரு லிட்டரோ சுமார் 893 கிராம்தான். சில நிறுவனங்கள் இந்த 60 டிகிரிக் கணக்கில் அளவு அச்சிட்டு வந்தன. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், லிட்டருடன் எடையையும் அச்சிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அறிவுறுத்தியது.

கிலோ விலை தெரிய வேண்டுமா? லிட்டர் விலையை 0.91ஆல் வகுங்கள். பாக்கெட் வாங்கும்போது லிட்டரோடு கிராமையும் பாருங்கள்.